எனக்கு ஒரு டவுட்

அக்டோபர் 3, வியாழன்

உதவித்தொகை நின்று இன்றோடு முப்பத்துமூன்று நாள். இந்தக் கனடாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு நான்கு வருடம்தான் பணம் தருவார்கள். மண்ணுக்கு அந்த விதி தெரியாது. என் தொட்டிகளில் இருக்கும் மண் தன் இஷ்டத்துக்குக் காய்ந்து, தன் இஷ்டத்துக்கு நனைந்து, என் ஆய்வை ஐந்தாவது வருடத்துக்கு இழுத்து வந்துவிட்டது. டிசம்பர் வரை இளங்கலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். சனி ஞாயிறு இந்தியக் கடையில் பருப்பு எடை போடுகிறேன். ஜனவரியில் வகுப்பு இல்லை. ஜனவரிக் கட்டணம் கட்டாவிட்டால் பதிவு போய்விடும், பதிவு போனால் விசா போய்விடும், விசா போனால் கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். முப்பத்துமூன்று வயதில், பட்டமில்லாமல், தலையில் கல்விக் கடனோடு.

இன்று ஒரு வழி திறந்தது. என் வழிகாட்டி லோரேன் மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கு எட்டு மாத உதவித்தொகை ஒன்று இருக்கிறதாம். ஒவ்வொரு பேராசிரியரும் ஒரே ஒரு பெயரைத்தான் சிபாரிசு செய்யலாம். நவம்பர் பதினைந்து கடைசி நாள். “இரண்டு பேரும் எழுதிக் கொடுங்கள், படித்துவிட்டு முடிவு செய்கிறேன்” என்றார்.

இரண்டு பேர் என்றால் நானும் மிருதுளாவும். என்னைவிட ஒரு வருடம் பிந்தி வந்தவள், ஆனால் ஆய்வில் எனக்குச் சமமாக வந்து நிற்கிறாள். அதுவே எனக்கு ஆகவில்லை.

“சூப்பர்க்கா, ரெண்டு பேருமே போடலாம்” என்றாள், வெளியே வந்ததும். சினிமாவுக்கு டிக்கெட் எடுப்பது போல. இவளுக்கு எதற்கு இந்தப் பணம்? உதவித்தொகை இல்லாமல் அப்பாவின் பணத்தில் சேர்ந்தவள். அப்பா சென்னையில் தோல் பொருள் ஏற்றுமதி செய்கிறவர். அண்ணா நகரில் வீடு. கேட்டால் அடுத்த மாதமே மொத்தக் கட்டணத்தையும் கட்டிவிடுவார்.

அக்டோபர் 6, ஞாயிறு

சலவை. அடுத்த வாரத்துக்குச் சாம்பார் வைத்து ஃப்ரீசரில் போட்டாயிற்று. நாற்பது செய்முறை நோட்டுகள் திருத்தினேன், இன்னும் முப்பது பாக்கி.

ஒரே வீட்டில் இருப்பதுதான் பெரிய தொந்தரவு. வாடகையைப் பங்கிட வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு நானேதான் அவளை இந்த பேஸ்மென்ட் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவள் அறையும் என் அறையும் ஒரு பலகைச் சுவரின் இரண்டு பக்கம். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். மார்ச்சிலிருந்து தினமும் காலை நாலேகாலுக்கு எழுந்து வெளியே போகிறாள். கேட்டதற்கு, “ஜிம்முக்குக்கா” என்றாள். எட்டரைக்குத் திரும்பி வரும்போது கையில் பேக்கரி ரொட்டி ஒன்று இருக்கும். எள் தூவியது, பட்டைத்தூள் போட்டது, தினம் ஒரு தினுசு. நான் மளிகைக் கடையில் நேற்றைய ரொட்டியைப் பாதி விலைக்குத் தேடுகிறேன். இவள் உடம்பு இளைக்க ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு, ரொட்டிக்கு வேறு பணம் கொடுக்கிறாள்.

“எடுத்துக்கோங்கக்கா” என்று பாதியை வெட்டி என் தட்டில் வைப்பாள். சாப்பிடுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 9, புதன்

மிருதுளா வந்த முதல் நாளிலிருந்தே மேடத்தை “லோரேன்” என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எனக்கு நான்கு வருடமாகியும் வாய் வரவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

இங்கே நன்றி சொல்லும் பண்டிகை. லோரேன் மேடம் எங்கள் இருவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் இரண்டு மணி நேரம் நின்று மெதுவடை போட்டு எடுத்துப் போனேன். மிருதுளா ஒரு ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மேடத்தின் கணவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, “இதை நீயே செய்தாயா?” என்றார். அவள் சிரித்துக்கொண்டே, “கிட்டத்தட்ட” என்றாள். கடையில் வாங்கியதைத் தான் செய்ததாகச் சொல்கிற துணிச்சல் எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது. வடையை எல்லாரும் ஒவ்வொன்று எடுத்து, “சுவாரஸ்யமாக இருக்கிறது” என்றார்கள்.

கிளம்பும்போது மேடம் மிச்சத்தையெல்லாம் டப்பாக்களில் அடைத்து நீட்டினார். நான் மரியாதைக்கு வேண்டாம் என்றேன். அவள் நான்கு டப்பாவையும் வாங்கிக்கொண்டாள். உருளைக்கிழங்கு, பூசணி, அப்பம் மாதிரி ஒன்று, எல்லாம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். பணக்காரப் பெண்களுக்குத்தான் வெட்கப்பட வேண்டியதில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறான். என் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவனுடையது. வங்கியிலிருந்து மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டுப் போனாராம். “தங்கச்சிக்கு எப்ப முடியும்னு கேட்டாரு. என்ன சொல்ல?”

உதவித்தொகை விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெயர்தான் அனுப்புவார்கள் என்றும், நான்தான் சீனியர் என்றும் சொன்னேன். மிருதுளாவைப் பற்றிச் சொல்லவில்லை. “பாதி கெடச்ச மாதிரிதாண்ணே” என்று வாயில் வந்துவிட்டது.

“அப்ப சரி. தைரியமாச் சொல்லிக்கிறேன்” என்றான்.

அக்டோபர் 26, சனி

முதல் பனி. என் பூட்ஸின் வலது அடிப்பாகம் விட்டுப்போய், கடைக்குப் போய்ச் சேருவதற்குள் காலுறை நனைந்துவிட்டது. பகல் முழுக்க ஈரக் காலோடு துவரம்பருப்பு கட்டினேன்.

மிருதுளாவின் போன் கண்ணாடி இரண்டு மாதமாக உடைந்து கிடக்கிறது. மேலே டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். மாற்றினால் என்ன என்றேன். “இது போதும்க்கா, எழுத்து தெரியுதே” என்றாள். இருப்பவர்கள் இப்படி இல்லாதவர்கள் வேஷம் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவோடு ஸ்பீக்கரில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவாள், இப்போது அதுவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசுகிறாள். எனக்குக் கேட்கக் கூடாதென்று நினைக்கிறாள் போல.

நவம்பர் 1, வெள்ளி

அவள் தன் விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து, “ஒரு தடவை பாருங்கக்கா, உங்க கண்ணுல எதுவும் தப்பாது” என்றாள்.

இரண்டு முறை படித்தேன். எழுதத் தெரிந்தவள். என்னுடையதில் நான் என்னென்ன செய்தேன் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். அவள் மண் மூச்சுவிடுவதைத் தினமும் காலை ஏழு மணிக்குக் கிரீன்ஹவுஸில் நின்று கேட்பதாக ஆரம்பிக்கிறாள். சொல்ல வருவது எளிய விஷயம்தான்: தொட்டி மண்ணிலிருந்து வெளியேறும் வாயுவைத் தினமும் ஒரே நேரத்தில் கையால் அளந்து தாளில் குறிக்கிறாள், ஏழு மாதமாக ஒரு நாளும் விடாமல். ஆனால் படிக்கும்போது அந்தக் காலை நேரமும் ஈர மண் வாசனையும் நமக்கே வருகின்றன. வயிறு எரிந்தது. இதை ஒளிப்பானேன், எரிந்தது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு எண் தவறாக இருந்தது. சொல்லவில்லை. “நல்லா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

அந்த எண்ணை அவளே கண்டுபிடித்துவிட்டாள். “உங்க கண்ணுக்கே தப்பிருச்சு பாருங்களேன்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இட்லி மாவு பொங்கவில்லை. குளிர்.

நவம்பர் 5, செவ்வாய்

வகுப்பு முடிந்து மேடத்தின் அறை வழியாக வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. பக்கத்து அறைப் பேராசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தார். “இருவருமே நல்லவர்கள். ஆனால் அந்தக் காலை ஏழு மணி அளவுகள் இருக்கின்றனவே, ஏழு மாதம், ஒரு நாள் விடுபடவில்லை. அப்படி ஒரு ஒழுங்கை நான் இருபது வருடத்தில் பார்த்ததில்லை.”

நின்று கேட்கவில்லை. நடந்துகொண்டே கேட்டதுதான்.

என் நான்கு வருடத்தில் அவர் பார்த்தது என்ன? பனியில் தொட்டி தூக்கி என் முதுகு போனதை யார் பார்த்தார்கள்? ஏழு மணியாம். ஏழு மணிக்கு இவள் ஜிம்மில் அல்லவா இருக்கிறாள்? நாலேகாலுக்குப் போனால் எட்டரைக்கு ரொட்டியோடு வருகிறாள். நடுவில் கிரீன்ஹவுஸுக்கு எப்போது போனாள்? யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

நவம்பர் 7, வியாழன்

மேடத்துக்கு ஒரு மெயில் அனுப்பினேன். சின்ன மெயில். “மிருதுளாவின் காலை அளவுகளில் எனக்கு ஒரு டவுட் இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் ஜிம்மில் இருப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.” அவ்வளவுதான். புரியாததைக் கேட்பதற்குத்தானே ஆராய்ச்சி.

முதலில் கொஸ்டின் என்றுதான் எழுதினேன். பிறகு டவுட் என்று மாற்றினேன். ஆறாம் வகுப்பிலிருந்து கையைத் தூக்கி, “சார், ஒரு டவுட்” என்று கேட்டுத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்? டியூஷனில் டவுட் கேட்காத பிள்ளையை முட்டாள் என்பார்கள். திரும்பக் கொஸ்டின் என்று மாற்றினேன். திரும்ப டவுட். இயல்பாக வருகிற சொல்லே இருக்கட்டும் என்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

பிறகு இட்லி மாவைக் கரைத்து, சூட்டுக்காக ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கைப் போட்டேன். பாத்திரம் கழுவினேன். அவளுடைய தட்டையும் சேர்த்தே கழுவினேன்.

நவம்பர் 8, வெள்ளி

பதில் இல்லை. மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

மேடம் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. “நீ எழுதியது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்” என்றார். “கூட வேலை செய்கிறவளைப் பற்றி இப்படிச் சொல்வது எளிதல்ல. சொன்னதற்கு நன்றி.”

நான் சும்மா ஒரு விஷயம் கேட்டேன் மேடம், அவ்வளவுதான், என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னை அப்படி மதிப்போடு பார்த்து நான்கு வருடத்தில் இதுதான் முதல் முறை. வாயை மூடிக்கொண்டேன்.

அளவுகள் உண்மையா என்று விசாரித்து முடிக்கும்வரை மிருதுளாவின் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுமாம். விதி அப்படி.

நவம்பர் 13, புதன்

வீட்டில் சத்தமில்லை. அவள் வழக்கம்போல நாலேகாலுக்குப் போனாள், எட்டரைக்கு வந்தாள். கையில் ரொட்டி இல்லை. “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன். “இல்லக்கா, ஒண்ணுமில்ல” என்று அறைக்குள் போய்விட்டாள். மெயில் போட்டது யார் என்று மேடம் சொல்லியிருக்க மாட்டார். சொல்லக் கூடாது என்று விதி இருக்கும்.

நவம்பர் 15, வெள்ளி

என் பெயர் உதவித்தொகைக் குழுவுக்குப் போய்விட்டது! மாலை நாலு மணிக்கு மெயில் வந்தது. குழு டிசம்பர் முதல் வாரத்தில் முடிவு செய்யும். பேராசிரியர் அனுப்பிய பெயரைக் குழு தள்ளுவது அபூர்வம் என்கிறார்கள்.

அண்ணனுக்கு அப்போதே போன் போட்டேன். அங்கே விடியவே இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்து, “கெடச்சிருச்சா?” என்றான். கிடைத்துவிட்டது என்றே சொன்னேன். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. அவன் மேனேஜரிடம் சொல்லப் போவதாகச் சொன்னான், மாமாவிடம், தொழிற்சாலை முதலாளியிடம் சொல்லப் போவதாகச் சொன்னான்.

கேசரி கிளறினேன். முந்திரியைக் கை தாராளமாகப் போட்டேன். ஒரு கிண்ணத்தை அவள் அறை வாசலில் வைத்து மூடினேன். இரவு பார்த்தபோது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவள் சாப்பிட்டாளா, கொட்டினாளா என்று தெரியவில்லை. எதற்கு என்று கேட்கக்கூட இல்லை அவள்.

நவம்பர் 19, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுத வேண்டும்.

மேடம் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு அச்சுத் தாள் இருந்தது. கிரீன்ஹவுஸ் கதவு அட்டை தேய்த்தால்தான் திறக்கும். யார் எப்போது தேய்த்தார்கள் என்று அதில் பதிவாகுமாம். ஏழு மாதம், தினமும் காலை ஆறு ஐம்பதுக்கும் ஏழுக்கும் நடுவில், மிருதுளாவின் அட்டை. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

“அதற்கு முன்பு எங்கே இருந்தாய்? ஜிம்மிலா?” என்று மேடம் கேட்டார்.

மிருதுளா தரையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் வேலை. நாலரையிலிருந்து ஆறே முக்கால் வரை மாவு பிசைவது, தட்டு அடுக்குவது. விசா அனுமதிக்கிற மணி நேரத்துக்குள்தான், சம்பள ரசீது இருக்கிறது. அப்பாவின் கம்பெனி பிப்ரவரியில் மூடிவிட்டது. அண்ணா நகர் வீடு போய்விட்டது. “யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார்” என்றாள். மிஞ்சிய ரொட்டியை வேலை செய்கிறவர்களுக்குச் சும்மா கொடுப்பார்களாம்.

நான் இத்தனை நாள் சாப்பிட்டது அந்த ரொட்டியைத்தான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் மாறியிருந்தது. எதை வைத்து அப்படி எழுதினாய் என்றார். யார் எழுதினார்கள் என்பது அந்த நிமிடத்தில் மிருதுளாவுக்கும் தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டேன்: “எங்கள் ஆங்கிலத்தில் டவுட் என்றால் கேள்வி என்று அர்த்தம், மேடம். நான் சந்தேகப்படவில்லை. கேள்விதான் கேட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் பேசுவோம்.”

மேடம் நம்பவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். பிறகு மிருதுளாவிடம், “இது உண்மையா?” என்றார்.

மிருதுளா என்னைப் பார்க்கவில்லை. “ஆமாம். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வோம்” என்றாள்.

மேடத்தின் தோள் தளர்ந்தது. தன்மேல்தான் தவறு, சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் விட்டேன் என்று எங்கள் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். என்னிடமும் கேட்டார்.

வெளியே நடைவழியில் அவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்லப் போனேன்.

“அக்கா, நான் வந்த முதல் வாரம் லோரேனுக்கு ஐ ஹேவ் எ டவுட்னு மெயில் போட இருந்தேன். நீங்கதான் தடுத்தீங்க. இங்க அந்த வார்த்தையப் போடாத, உன்ன நம்பலன்னு அர்த்தம் ஆயிடும்னு சொன்னீங்க. கொஸ்டின்னு மாத்தி டைப் பண்ணிக் குடுத்ததே நீங்கதான்.”

“அப்புறம் ஏன் ஆமான்னு சொன்ன?”

“இல்லன்னு சொன்னா இன்னும் நாலு மீட்டிங் வைப்பாங்க. எனக்கு நேரமில்லக்கா. தூக்கம் வருது.”

போய்விட்டாள்.

நவம்பர் 20, புதன்

தெரியும். எழுதும்போதே தெரியும். நான் வந்த முதல் செமஸ்டரில் ஒரு மாணவனிடம் அந்தச் சொல்லைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதற்குப் பிறகு வருகிற தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.

இந்த நோட்டில்கூடப் பொய்தான் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று?

நவம்பர் 21, வியாழன்

அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சீனியர் என்று பார்த்தாயா, என் நான்கு வருடத்தை யார் திருப்பித் தருவார்கள், என்றெல்லாம் கேட்க வைத்திருந்தேன். அவள் எதற்கும் இடம் கொடுக்கவில்லை. இன்று காலை என் தட்டில் பாதி ரொட்டி இருந்தது. பழக்கத்தில் வெட்டிவிட்டாளோ என்னவோ. அவள் எழுத்து நல்ல எழுத்து, அவள் அளவு சுத்தமான அளவு, அவளுக்குத்தான் மேடத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட வரும். இப்போது பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டது. எனக்கு மிஞ்சியது பணம் மட்டும். பகல் முழுக்க இதையே நினைத்து நினைத்து மூன்று தொட்டிக்குத் தண்ணீரை இரண்டு முறை ஊற்றிவிட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

மனசாட்சி என்றெல்லாம் எழுத மாட்டேன், இனிமேல் இந்த நோட்டில் பொய் வேண்டாம். நல்லவள் என்ற பெயர் முழுதும் அவளுக்கே போவதைப் பொறுக்க முடியவில்லை. அதில் பாதியாவது எனக்கு வேண்டும் என்று இருந்தது. அந்த வேகத்தில்தான் மாடிப்படி ஏறினேன்.

“மேடம், டவுட் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரை அனுப்புங்கள்.”

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. டிஷ்யூ எடுத்து நீட்டுவார் என்று நினைத்தேன். நீட்டவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். குழு இன்னும் கூடவில்லை, பெயரை மாற்ற முடியும், காரணத்தையும் எழுத வேண்டியிருக்கும் என்றார். பிறகு, “உன் நான்காம் அத்தியாயம் டிசம்பர் பத்துக்குள் வர வேண்டும்” என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். “போகலாம்” என்றார்.

நல்லவள் என்ற பெயரில் பாதி கிடைக்கும் என்று போனேன். கால் பங்குகூடக் கிடைக்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

சமையலறையில் மிருதுளா டீ போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் சேர்த்துத் தண்ணீர் வைத்தாள்.

“நீங்க போயிச் சொன்னீங்களாமே?”

“ம்.”

“எனக்காகவா?”

“இல்ல.”

“தெரியும்” என்றாள். சர்க்கரை டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

அவளுக்குக் கிடைத்துவிட்டது. எட்டு மாதமும் முழுசாக.

அறிவிப்புப் பலகையில் அவள் பெயரைப் பார்த்ததும் எரிந்தது. என் வாயால் கேட்டு, என் கையால் கொடுத்ததுதான், ஆனாலும் எரிகிறது. எட்டு மாதம் அவள் ஆறரை வரை தூங்கலாம். எட்டு மாதம் ஃபீஸ் ஆபீஸிலிருந்து வரும் மெயிலைப் பயமில்லாமல் திறக்கலாம்.

மாலையில் என் கதவைத் தட்டி, பேக்கரியில் ஜனவரியிலிருந்து தன் இடம் காலியாகும், பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். “குடு” என்றேன். வாழ்த்து சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை. கட்டணத்தை நான்கு தவணையாகக் கட்டலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வகுப்பு இல்லாத குறையைப் பேக்கரியும் கடையும் சேர்ந்து பாதியாவது அடைக்கும். மீதிப் பாதிக்கு என்ன செய்வேன் என்று தெரியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு அண்ணன் போன் செய்தான். அங்கே சாயங்காலம். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன வல்லி, பணம் எப்ப வருமாம்? மேனேஜர் பாக்கும்போதெல்லாம் கேக்காரு.”

“வராதுண்ணே.”

டிவியை அணைத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கிடைக்கும் முன்பே கிடைத்ததாகச் சொன்னது, மிருதுளா என்று ஒருத்தி இருப்பது, அவள் அப்பா கம்பெனி மூடியது, பேக்கரி, மெயில், கொஸ்டின் என்று எழுதி டவுட் என்று மாற்றியது, எல்லாம். நடுவில் அண்ணி ஏதோ கேட்டாள். “சும்மா இரு” என்றான். அவன் அண்ணியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

சொல்லி முடித்தேன்.

“அந்தப் புள்ள மேல ஒனக்கு என்ன கோவம்?”

“கோவம் இல்லண்ணே. பொறாமை.”

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை. சொன்னால் குறையும் என்பார்கள், எனக்குக் குறையவில்லை.

“ஊரெல்லாம் சொல்லிட்டேன்” என்றான். “மொதலாளி சால்வ போட்டாரு எனக்கு.” மூச்சு விடுவது கேட்டது. “சரி. மேனேஜர்ட்ட நான் பேசிக்கிறேன். வட்டிய மட்டுமாவது கெட்டிக்கிட்டு வருவோம். நீ அதைப் பத்தி நெனைக்காத, படிப்ப முடி.”

“அண்ணே…”

“அந்தப் புள்ளைக்குக் கெடச்சிருச்சா, நெசமா?”

“கெடச்சிருச்சு.”

“அப்பாவுக்குக் கம்பெனி மூடி, வீடு போயி, மாவு பெசஞ்சு படிச்சுருக்கு. நல்லாருக்கட்டும்” என்றான். யோசிக்கக்கூட இல்லை. என் ஜாமீன் கையெழுத்துக்காரன் ஒரு நொடியில் சந்தோஷப்பட்டதை, இரண்டு மாதமாக முயன்றும் என்னால் செய்ய முடியவில்லை. அவன்மீதும் பொறாமையாக இருந்தது.

“வாழ்த்து சொன்னியா?”

“இன்னும் இல்லண்ணே.”

“எங்க இருக்கு அந்தப் புள்ள?”

“பக்கத்து ரூம்ல.”

“போயிச் சொல்லு. போன வச்சிராத. நான் கேக்கணும்.”

போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தேன். கதவைத் தட்டினேன். அவள் தலையில் பென்சிலைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

“வாழ்த்துகள், மிருதுளா” என்றேன்.

“சத்தமாச் சொல்லு வல்லி” என்றான் அண்ணன். “எனக்குக் கேக்கல.”